வெயிலும் விளக்கும்: வெளியிடத்தில் முகப்படம் எடுக்கும் முறை

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் நாட்டுப் பழமொழி. அம்முகம் படத்தில் தெரிய வேண்டுமாயின் அதன்மேல் ஒளி விழுதல் வேண்டும். ஒளி மிகுதியாய் இருந்தால் மட்டும் போதாது. தக்க திசையிலிருந்து தக்க அளவில் அது வருதல் வேண்டும். நண்பகல் வெயிலில் எடுத்த படங்களைச் சற்று உற்று நோக்குக. நெற்றி வெளுத்திருக்கும், மூக்கின் நுனி பளபளக்கும், கண்கள் இரண்டும் கருங்குழிகளாய்க் கிடக்கும். ஒளிக்குக் குறைவில்லாத நாட்டிலே கண்ணில்லாத முகங்களைப் படமெடுத்து வைத்திருக்கின்றோம். இக்குறையை நீக்கும் வழி யாது என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படுவது.

இஃது ஏதோ பொழுதுபோக்கைப் பற்றிய சிறு செய்தி என்று எண்ணற்க. நம் கிராமங்களில் முதியவர் ஒருவர் காலமானால், அவர் படம் ஒன்று வேண்டும் என்று வீட்டார் தேடுவர். கிடைப்பது பெரும்பாலும் ஏதேனும் ஓர் அட்டைக்காக அவசரத்தில் எடுத்த சிறு படமே. அதனைப் பெரிதாக்கி, நிறத்தை வெளுக்கச் செய்து, சட்டமிட்டு, மாலையிட்டுச் சுவரில் மாட்டுவர். பேரப்பிள்ளைகள் தம் பாட்டனாரை அறிவது அப்படத்தின் வாயிலாகவே. அப்படத்தில் உள்ளது அவர் முகமன்று எனின், அக்குடும்பம் இழந்தது சிறிதோ? ஆகவே, காமிரா கையில் வைத்துள்ள ஒவ்வொரு மாணவரும் இக்கலையைச் செவ்வனே கற்றல் நன்று.

ஆராய்ச்சிக்கு இடமாகத் திருப்புலிவனத்தை எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூருக்கு அண்மையில் உள்ள ஊர் இது. புலிக்கால் முனிவர் வழிபட்டதாகக் கூறப்படும் வியாக்கிரபுரீசுவரர் கோயில் இங்கு உள்ளது. சுற்றிலும் நெல்வயல், அருகே உத்திரமேரூர்ப் பேரேரி. கற்கோயில், ஏரிக்கரை, மரநிழல், திறந்த வயல் என்று ஒளியின் பல நிலைகளையும் ஒரே நாளில் காணத்தக்க இடம். பராந்தக சோழன் காலத்து 919, 921 ஆகிய ஆண்டுகளின் குடவோலைக் கல்வெட்டுகள் உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் இன்றும் உள்ளன. சபையில் அமரத்தக்கவன் யார் என்று அவை விரிவாகக் கூறுகின்றன. ஆயினும் அந்நாளில் அவ்வயல்களை உழுத ஒருவனுடைய முகமேனும் நமக்குக் கிட்டவில்லை. கல்வெட்டால் இயலாத அதனைச் செய்யும் கருவி இன்று நம் கையில் உள்ளது.

1. நம் நாட்டு வெயில்

முகப்படக் கலையைப் பற்றிய நூல்கள் பல வட நாடுகளில் தோன்றியவை. அவற்றைப் படிப்போர் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. லண்டன் நகரம் வட அட்சம் 51½ பாகையில் உள்ளது. அங்கு டிசம்பர் மாத நடுப்பகலில் சூரியன் அடிவானத்துக்கு மேல் 15 பாகை அளவே உயர்கின்றது. ஜூன் மாதத்திலும் 62 பாகைக்கு மேற்செல்வதில்லை. திருப்புலிவனமோ ஏறத்தாழ 12.6 பாகையில் உள்ளது. இங்கு டிசம்பரிலேயே நடுப்பகற் சூரியன் 54 பாகை உயரத்தில் நிற்கின்றது. ஏப்ரல் 24-ஆம் தேதியை ஒட்டியும், ஆகஸ்டு 19-ஆம் தேதியை ஒட்டியும், நேர் உச்சியிலேயே வந்துவிடுகின்றது. அந்நாட்களில் பகல் 12 மணி 10 நிமிட அளவில், நட்ட கழியின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்குவதைக் காணலாம்.

சித்திரை மாதத்தில் காலை ஒன்பது மணி கடந்த அளவிலேயே சூரியன் 45 பாகை உயரத்தை எட்டிவிடும். பிற்பகல் மூன்று மணி வரையில் அதற்குக் கீழே இறங்காது. அந்த ஆறு மணி நேரமும் புருவத்தின் நிழல் கண்ணின்மீது விழும். நிமிர்ந்து வெயிலை நோக்கி நிற்கச் சொன்னால் கண் கூசும், முகம் சுளியும். வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னால் கண் திறக்கும். ஆனால் முகம் இருளும். இவ்விரு இடர்களுக்கும் நடுவே நமக்கு உதவுவது பிளாஷ் விளக்கு.

2. விளக்கின் வரலாறு

சென்னை அரசாங்கத்தின் படப்பிடிப்பாளராயிருந்த லின்னேயஸ் டிரைப் என்பவர் 1858-இல் மதுரை, தஞ்சை முதலிய இடங்களின் கோயில்களைப் படமெடுத்தார். அக்காலத்தில் ஒரு படத்துக்கு நெடுநேரம் ஒளி வேண்டியிருந்தமையின், அசையாத கல்லே காமிராவுக்கு உகந்த பொருளாயிற்று. 1887-இல் ஜெர்மனியில் மீத்தே, கேடிக்கே என்னும் இருவர் மக்னீசியப் பொடியைப் பிற பொருள்களோடு கலந்து, நொடியில் எரிந்து பேரொளி தரும் கலவையைச் செய்தனர். அடுத்த ஆண்டிலேயே நியூயார்க் நகரில் ஜேக்கப் ரீஸ் என்பவர் ஏழைகளின் இருண்ட அறைகளை அப்பொடியின் ஒளியில் படமெடுத்து, அவர்களின் துன்பத்தை ஊரறியச் செய்தார். அதனால் விளைந்த நன்மை பெரிது. எனினும் அப்படங்கள் சிலவற்றில், உறக்கத்தினின்று திடுக்கிட்டெழுந்தவரின் மருட்சியைக் காண்கின்றோம். விளக்கு ஒன்று நன்மையும் செய்யும், நாணவும் வைக்கும் என்பதற்கு அவை சான்று.

நம் நாட்டிலும் ஒரு சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. ஐக்கிய மாகாணத்தில் காட்டிலாகா அதிகாரியாயிருந்த எப். டபிள்யூ. சாம்பியன் என்பவர், துப்பாக்கியை விடுத்துக் காமிராவை ஏந்தினார். புலி நடக்கும் தடத்தின் குறுக்கே மெல்லிய கம்பி கட்டி, அக்கம்பி இழுபட்டவுடன் பிளாஷ் எரிந்து படம் விழுமாறு அமைத்தார். அவ்வாறு கிடைத்த புலிப்படங்கள் 1925-இல் லண்டன் பத்திரிகையொன்றில் வெளிவந்தன. 1927-இல் நூலாகவும் வந்தன. வெளியிடத்தில் பிளாஷ் கொண்டு எடுத்த உருவப்படங்களுள் அவை நம் நாட்டின் முன்னோடிகள்.

1929-இல் ஜெர்மனியில் கண்ணாடிக் குமிழுக்குள் எரியும் பிளாஷ் பல்பு விற்பனைக்கு வந்தது. 1931-ஐ ஒட்டி அமெரிக்காவில் ஹெரால்டு எட்ஜர்ட்டன் வாயு நிரப்பிய குழாயில் மின்சாரத்தைப் பாய்ச்சி, மீண்டும் மீண்டும் பயன்படும் மின்பிளாஷை உருவாக்கினார். இன்று நாம் கையாளும் சிறிய பிளாஷ் யாவும் அதன் வழிவந்தவையே. குறைந்த வலிமையில் எரியும்போது அதன் ஒளி நொடியில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு நேரமே நிற்கும்.

3. காமிராவை விட்டு விலக்குவது எற்றுக்கு?

பிளாஷைக் காமிராவின் தலைமேலே பொருத்தினால் என்ன குற்றம் எனின், கூறுவோம். பார்க்கும் கண்ணும் ஒளியும் ஒரே திசையில் இருப்பின், நிழல் யாவும் பொருளுக்குப் பின்னே மறைந்துவிடும். நிழலின்றி மேடு பள்ளம் தோன்றாது. சுவரில் செதுக்கிய சிற்பத்தை எதிரே டார்ச் அடித்துப் பார்க்க. பின்னர் அதே டார்ச்சைப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்க்க. முன்னதில் கல் தட்டையாய்த் தோன்றும். பின்னதில் சிற்பம் எழுந்து நிற்கும். முகமும் அத்தகையதே. கன்னத்தின் திரட்சியும், நெற்றிச் சுருக்கமும், தாடையின் உறுதியும் நிழலால் அன்றிப் புலப்படா.

ஆகவே விளக்கை ஒரு தாங்கியில் நிறுத்தியோ, நண்பர் ஒருவர் கையில் கொடுத்தோ, முகத்துக்கு ஒரு பக்கமாக 45 பாகையிலும், தலைக்குச் சற்று மேலாகவும் அமைத்தல் பொதுவிதி. காமிராவுக்கும் விளக்குக்கும் இடையே செய்தி கொண்டுசெல்ல முன்னாளில் நீண்ட கம்பி இருந்தது. இந்நாளில் சிறிய ரேடியோ டிரிக்கர் அப்பணியைச் செய்கின்றது. மூக்கின் நிழல் வாயோரத்தை நோக்கிச் சரிந்து விழுதல் வேண்டும், உதட்டைக் கடத்தலாகாது. அப்பாற்பட்ட கன்னத்தில் கண்ணுக்குக் கீழே ஒரு சிறு முக்கோண ஒளி நிற்குமாயின், அதனை ரெம்பிராண்ட் ஒளி என்பர். 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவ்வோவியரின் முகப்படங்களில் அவ்வமைப்பு மிகுதியும் காணப்படுதலின் அப்பெயர் வந்தது. இரு கண்மணிகளிலும் விளக்கின் சிறு புள்ளி மின்னுகின்றதா என்பதை இறுதியாக நோக்குக. அப்புள்ளி இல்லாத கண் உயிரற்றதாய்த் தோன்றும்.

4. இரண்டு ஒளி, இரண்டு கட்டுப்பாடு

வெளியிடத்தில் நாம் எடுக்கும் படம் ஒன்றாயினும், அதில் கலப்பவை இரண்டு ஒளிகள்: ஒன்று சூரியனுடையது, மற்றொன்று பிளாஷினுடையது. இவ்விரண்டையும் தனித்தனியே ஆளலாம் என்பதை உணர்ந்தவர்க்கு இக்கலையின் பெரும்பகுதி கைவந்ததாகும்.

லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினால் இரண்டு ஒளியும் ஒருங்கே குறையும். ஐ.எஸ்.ஓ. எண்ணைக் குறைத்தாலும் அவ்வாறே. ஆனால் ஷட்டரின் வேகத்தை மாற்றினால் சூரிய ஒளி மட்டுமே மாறும். பிளாஷின் ஒளி கண நேரத்தில் வந்து முடிந்துவிடுதலின், ஷட்டர் நெடுநேரம் திறந்திருப்பதாலோ சிறிது நேரம் திறந்திருப்பதாலோ அதற்கு மாற்றமில்லை. குடத்தில் ஒரு செம்பு நீரை ஒரே மூச்சில் ஊற்றுவது பிளாஷ். குழாய் நீர் ஒழுகிக்கொண்டிருப்பது வெயில். குடத்தை எவ்வளவு நேரம் குழாயடியில் வைத்தாலும் செம்பு நீரின் அளவு அதுவே அன்றோ? மறுபுறம், விளக்கின் வலிமையையோ தூரத்தையோ மாற்றினால் பிளாஷ் ஒளி மட்டும் மாறும், வெயில் மாறாது. எனவே, வானத்தையும் வயலையும் ஷட்டரால் ஆள்க. முகத்தை விளக்கால் ஆள்க.

இதற்கு ஓர் எல்லை உண்டு. பெரும்பாலான காமிராக்களில் ஷட்டர் என்பது இரண்டு திரைகளாலானது. நொடியில் 200 அல்லது 250-இல் ஒரு பங்கு வரையில் முதல் திரை முழுதும் விலகிய பின்னரே இரண்டாம் திரை புறப்படும். அதற்கு மேற்பட்ட வேகத்தில் இரு திரைகளும் இடையே சிறு இடுக்கு விட்டு ஒன்றன்பின் ஒன்றாய் ஓடும். அப்போது பிளாஷ் எரிந்தால் படத்தின் ஒரு பகுதிக்கு மட்டுமே அதன் ஒளி கிட்டும். எஞ்சிய பகுதியில் ஒரு கரும்பட்டை தோன்றும். இக்காலத்துப் பிளாஷ் சில, தொடர்ந்து துடித்து எரிந்து இவ்விடரை நீக்கும். ஆயினும் அதனால் வலிமை பெரிதும் குறையும்.

5. சிறு கணக்கு

கணக்கு என்றவுடன் அஞ்ச வேண்டுவதில்லை. தெளிந்த வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100 ஆயின், துவாரம் எப் 16, ஷட்டர் நொடியில் 100-இல் ஒரு பங்கு என்பது பழகிய விதி. ஷட்டரை 200-இல் ஒரு பங்காக்கினால் துவாரம் எப் 11 ஆகும். இதுவே திருப்புலிவனத்து வயலும் வானமும் நன்கு விழும் அளவு.

இனி விளக்கு. ஒவ்வொரு பிளாஷுக்கும் கைடு நம்பர் என்று ஓர் எண் உண்டு. அதனைத் துவார எண்ணால் வகுத்தால் விளக்கு நிற்க வேண்டிய தூரம் மீட்டரில் கிட்டும். ஒரு விளக்கின் எண் 32 என்று கொள்வோம். எப் 11-இல் அது ஏறத்தாழ மூன்று மீட்டர் தூரத்தில் நின்றால் முகம் முழு ஒளி பெறும். ஒளியை மென்மையாக்க அதன் முன் ஒரு துணியைப் பிடித்தால், நான்கில் மூன்று பங்கு ஒளி தடைபடும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது எண் 16 ஆகக் குறையும். விளக்கு ஒன்றரை மீட்டருக்குள் வந்தாக வேண்டும். தூரம் இருமடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்கே என்னும் பௌதிக விதியை வகுப்பில் படித்தோம்; அது பயன்படும் இடம் இது.

இக்கணக்கினின்று ஓர் உண்மை புலனாகின்றது. நடுப்பகல் வெயிலோடு சிறு விளக்கைப் போட்டியிட விடுதல் வீண். மாலை ஐந்து மணிக்கு வெயில் தணிந்து எப் 5.6 போதுமென்றாகிவிட்டால், அதே விளக்கு அதே துணியோடு மூன்று மீட்டர் தூரத்திலும் பயன்படும்.

6. மென்மையும் நிறமும்

சிறிய விளக்கின் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் விழும். பெரிய பரப்பினின்று வரும் ஒளியின் நிழல் மெல்லக் கரையும். ஆதலின் வெண்குடையோ வெள்ளைத் துணியோ பயன்படுத்துவர். கடையில் விற்கும் குடை இல்லாதவர்க்கு நான்கு முழ வெள்ளை வேட்டியே போதும். இருவர் அதனை விரித்துப் பிடிக்க, அதன் பின்னே விளக்கை எரிக்கலாம். ஏரிக்கரையில் காற்று மிகுதி. தாங்கியின் காலில் மணல் மூட்டை கட்டாவிடில் விளக்கும் குடையும் நீரில் விழும்.

இனி, நம்மவர் யாவரும் கருதத்தக்க செய்தி ஒன்று. காமிராவின் ஒளிமானி, தான் காணும் காட்சியை ஏறத்தாழ 18 சதவீதம் ஒளியை மீட்கும் நடுச்சாம்பல் என்று எண்ணிக்கொண்டு அளவு கூறுவது. வெள்ளை வேட்டியும் வெள்ளைத் துண்டும் அணிந்த கருநிற உழவர் ஒருவர் எதிரே நின்றால், மானி வேட்டியைக் கண்டு மயங்கி ஒளியைக் குறைத்துவிடும், முகம் மையாகும். மேலைநாட்டு ஆய்வுக்கூடங்களில் நெடுங்காலம் வெண்ணிற மங்கையொருத்தியின் படத்தையே அளவுகோலாக வைத்து வண்ணப்படங்களைச் சரிபார்த்தனர். அதனை ஷெர்லி அட்டை என்பர். கருநிறம் படத்தில் செவ்வனே விழாமைக்கு அம்முகங்கள் காரணமல்ல, அளவுகோலே காரணம்.

இதற்கு மருந்தாக விளக்கின் வலிமையைக் கூட்டி முகத்தை வெளுக்கச் செய்வோர் உளர். அது மருந்தன்று, வேறொரு நோய். கருநிற முகத்தின் வடிவம், தோலின்மீது படிந்து மீளும் பளபளப்பினால் விளங்குவது. வெறும் விளக்கை நேரே காட்டினால் வியர்வை படிந்த நெற்றியில் வெண்புள்ளிகள் தெறிக்கும். வேட்டியின் பின்னிருந்து அகன்ற ஒளியைப் பக்கத்தில் காட்டினால் கன்னத்திலும் நெற்றியிலும் மெல்லிய ஒளி நீண்டு படரும். நிறம் தன் நிறமாகவே நிற்க, வடிவம் மட்டும் எழும். விளக்கு நிறத்தை மாற்றுவதற்கன்று, உள்ள நிறத்தைக் காட்டுவதற்கு.

அந்தி வெயில் செம்பொன்னாய் இருக்கும். பிளாஷோ நண்பகல் வெயிலைப்போல் வெண்மையானது. மாலையில் அவ்விரண்டும் கலந்தால் முகம் மட்டும் நீலம் பாய்ந்து வேறிடத்திலிருந்து வெட்டி ஒட்டியதுபோல் தோன்றும். விளக்கின் முன் மெல்லிய ஆரஞ்சு வண்ணத்தாள் ஒன்றைக் கட்டினால் இரண்டும் ஒத்துப்போகும்.

7. செய்முறை

மாலை நான்கரை மணிக்குத் திருப்புலிவனத்து வயல் வரப்பில் முதியவர் ஒருவரைப் படமெடுக்க நேர்ந்தால் செய்ய வேண்டுவன இவை.

முதலாவது, அவர் முதுகில் வெயில் படுமாறு நிற்கச் செய்க. கண் கூசாது, நரைத்த தலையின் ஓரத்தில் ஒளிக்கோடு ஒன்று அமையும். இரண்டாவது, விளக்கை எரிக்காமல் வானத்தையும் வயலையும் மட்டும் கருதி ஒரு படம் எடுக்க. வானம் சற்று ஆழ்ந்த நிறத்தில் விழும்வரை ஷட்டரை மாற்றுக, எல்லையைக் கடவற்க. அப்படத்தில் முகம் இருண்டிருப்பது இயல்பே. மூன்றாவது, விளக்கை நான்கில் ஒரு பங்கு வலிமையில் வைத்து, ஒரு பக்கம் உயர்த்திப் பிடிக்கச் செய்து, மற்றொரு படம் எடுக்க. முகம் மிகையாயின் விளக்கை ஓரடி பின்னே கொண்டுசெல்க. குறையாயின் முன்னே கொணர்க. நான்காவது, மூக்குக் கண்ணாடி அணிந்தவராயின் கண்ணாடியில் விளக்கின் உரு தெரிகின்றதா என்று நோக்கி, தெரியின் விளக்கை இன்னும் உயர்த்துக. படம் பார்ப்பவர்க்கு இங்கே ஒரு விளக்கு இருந்தது என்னும் நினைவே வாராதாயின், செய்தது செவ்விது.

நடுப்பகலில்தான் எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தால், வேப்பமர நிழலுக்கோ கோயிலின் வெளிமண்டபத்துக்கோ செல்க. அங்கு வெயிலோடு போராட வேண்டுவதில்லை. விளக்கின் சிறு உதவியே போதும். மண்டபத்தின் விளிம்பில் ஒருவரை நிறுத்தினால், வெளியொளி ஒருபுறமும் நம் விளக்கு மறுபுறமுமாக நின்று முகத்தைத் தாங்கும்.

8. படமெடுப்போர் ஒழுக்கம்

கருவியின் இயல்பைக் கற்றவர் அதனைக் கையாளும் முறைமையையும் கற்றல் வேண்டும். இசைவு கேளாமல் எவர் முகத்திலும் ஒளி பாய்ச்சற்க. கோயிலுள் எடுக்க நேரின் கோயிலாரின் இசைவு பெறுக. வழிபடுவோர்க்கு இடையூறு செய்யற்க. கைக்குழந்தையின் கண்ணெதிரிலும், அண்மையில் கண் சிகிச்சை செய்துகொண்டவர் எதிரிலும் விளக்கை அருகில் வைத்து எரித்தலைத் தவிர்க்க. முதன்முறை எரிப்பதற்கு முன், “ஐயா, இப்போது ஒரு வெளிச்சம் வரும்” என்று சொல்லுக; அச்சொல் ஒன்றே முகத்தினின்றும் மருட்சியை நீக்கும். வயலில் வேலை செய்வோரை நெடுநேரம் நிறுத்தி வைக்கற்க. அவர்தம் நேரம் கூலியோடு கட்டுண்டது. எல்லாவற்றினும் மேலாக, எடுத்த படத்தை அச்சிட்டு அவர் கையில் சேர்ப்பிக்க. செல்போனில் காட்டிவிட்டு வருவது கொடுத்ததாகாது. படத்துக்குரியவர் அவரே, நாம் எடுத்துக்கொடுத்தவர் மட்டுமே.

முடிவுரை

நம் கல்லூரி மாணவருட் பலர் விடுமுறைக்குச் சொந்தக் கிராமம் செல்வர். செல்வோர் ஒரு சிறு விளக்கும் ஒரு வெள்ளை வேட்டியும் உடன் கொண்டுசெல்வாராக. திருமணப் பந்தலில் எடுக்கும் படங்களுக்குக் குறைவில்லை. அவற்றை எடுப்போரும் பலர். ஆனால் களத்துமேட்டில் நெல் தூற்றும் பாட்டியாரையும், ஏரி மடை திறக்கும் பெரியவரையும், அவர்கள் நலமாய் இருக்கும்போதே, அவர்தம் நிறத்தில், கண் தெரிய எடுத்து வைத்தவர் சிலரே. வெயில் எல்லார்மீதும் ஒக்கப் பெய்கின்றது. அவ்வெயில் மறைத்த கண்களுக்கு ஒளி கொண்டுசெல்லுதல் கற்றவர் கடன். சுவரில் மாட்டும் படத்தைக் கண்டு, “ஆம், எங்கள் தாத்தா இப்படித்தான் இருந்தார்” என்று ஒரு சிறுவன் சொல்லுவானாயின், கற்ற கலை பயன் தந்ததாகும்.